26 கோப்புகள் எங்கே போயின?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த காமன் கூத்து வீடியோக்கள், பாடசாலைப் படங்கள், லயத்துப் பெரியவர்களின் குரல் பதிவுகள் எல்லாம் ஒரு மேசைக் கணினியின் 500 ஜிபி ஹார்ட் டிஸ்கிலும் நாலைந்து பென் டிரைவிலும் இருக்கின்றன. அவற்றைப் புதிதாக வாங்கிய 1 டெராபைட் வெளி டிஸ்குக்கு மாற்றுகிறார். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் காப்பி போட்டால் 99 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ஒரு பென் டிரைவில் இடம் நிறைய இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று மறுக்கிறது. 2019 கூத்து ஃபோல்டரைக் கட் செய்து ஒட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. கடைசியில் எண்ணிப் பார்த்தால் பழையதில் 41,316 கோப்புகள், புதியதில் 41,290. “எக்ஸ்புளோரரில்தான் கோளாறா, எந்த ஃபைல் மேனேஜரைப் போட்டால் சரியாக வரும்?” என்பது கேள்வி.

சேர், எக்ஸ்புளோரர் பழுதாகவில்லை. அது சாமானைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கும். எதை இறக்கவில்லை என்று எழுதி வைக்காது. தோட்டத்து மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கக் கணக்கப்பிள்ளை இல்லாத மாதிரி. வேலை நடந்திருக்கும், ஆனால் மாலையில் யாருக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே எது வேகமானது என்று தேடாதீர்கள். விட்டுப்போனதை எது பெயர் பெயராகச் சொல்லும் என்று தேடுங்கள். ஹட்டனில் கடை போட்டு, படமும் கணினியுமாகக் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், என்னிடம் கண்ணீரோடு வந்தவர்களில் காப்பி மெதுவாகப் போனது என்று அழுதவர் ஒருவரும் இல்லை.

அந்த 26இல் இருந்தே தொடங்குவோம். அவற்றில் சில ஒன்றுக்கும் உதவாத குப்பையாக இருக்கலாம். ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருப்பதை மொத்தமாகத் தெரிவு செய்து காப்பி போட்டிருந்தால், அந்த மட்டத்தில் மறைந்திருக்கும் கோப்புகள் தெரிவில் சேரா. படங்களின் சிறு முன்னோட்டத்துக்காக விண்டோஸே உருவாக்கும் தம்ப்ஸ் கோப்பு, டெஸ்க்டாப் ஐஎன்ஐ கோப்பு எல்லாம் இந்த வகை. இவை போனால் போகட்டும். ஆனால் 26உம் இவைதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். ஏனென்றால் உண்மையான இழப்பும் இதே மாதிரி சத்தமில்லாமல்தான் வரும்.

முதல் சந்தேகம் ஒரே பெயர்க் கோப்புகள் மேல்தான். கேமராக்கள் படங்களுக்கு 0001 முதல் 9999 வரைதான் எண் போடும், அப்புறம் மறுபடியும் 0001. பன்னிரண்டு வருடத்தில் உங்களிடம் மூன்று நான்கு கேமராவாவது மாறியிருக்கும். வெவ்வேறு வருடத்துப் படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது, அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதவா என்று விண்டோஸ் கேட்கும். இரவு பதினொரு மணிக்கு அந்தக் கேள்வி வந்தால் ஆம் என்று அழுத்தாத ஆள் குறைவு. ஒருமுறை பண்டாரவளைக் கல்யாணம் ஒன்றுக்கு இரண்டு கேமரா போட்டோம். இரண்டும் ஒரே கம்பனி, இரண்டு கார்டும் புதிது, இரண்டும் 0001இல் தொடங்கின. நான் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, மாற்றி எழுது என்று அழுத்திவிட்டேன். தாலி கட்டும் படங்கள் இருந்த எண்களில் பந்தி பரிமாறும் படங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. இரண்டாவது கேமராத் தம்பிதான் பந்தி எடுத்தவர். முதல் கார்டை நான் அழித்துவிட்டிருந்தால் அன்றோடு தொழிலை விட்டிருப்பேன். சோம்பலில் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பினேன்.

இந்த இடத்தில் எக்ஸ்புளோரரைக் கொஞ்சம் பாராட்டவும் வேண்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஒவ்வொன்றாக நானே முடிவு செய்கிறேன் என்று ஒரு வழி தருகிறது. அதை அழுத்தினால் இரண்டு பக்கக் கோப்புகளையும் திகதியோடும் அளவோடும் அடுத்தடுத்துக் காட்டும். இரண்டையும் டிக் செய்தால் இரண்டாவதன் பெயரோடு ஒரு எண்ணைச் சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்ளும். திகதியும் அளவும் ஒன்றாக உள்ளவற்றை மட்டும் தவிர் என்று கீழே ஒரு பெட்டியும் உண்டு. பாதியில் நின்ற காப்பியைத் தொடர அதுதான் சரியான வழி. அங்கே தெரியாமல் செய்யும் பிழை, “எல்லாவற்றுக்கும் இதையே செய்” என்பதை டிக் செய்துவிட்டுத் தவிர் என்று அழுத்துவது. அதற்குப் பிறகு வாசிக்க முடியாத கோப்பு, பெயர் நீண்ட கோப்பு எல்லாம் ஒரு சொல்லும் சொல்லாமல் தாண்டிப் போகும். முடிந்ததும் பெட்டி மூடிக்கொள்ளும். குறிப்பு எதுவும் மிஞ்சாது. பிழைச் செய்தி நினைவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது நடந்திருக்கும் போலிருக்கிறது.

இரண்டாவது சந்தேகம் பெயர்களின் நீளம். தமிழில் பெயர் வைப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. விண்டோஸில் ஒரு கோப்பின் முழு வழி, அதாவது டிரைவ் எழுத்தில் தொடங்கி ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்க் கோப்பின் பெயர் வரை, மொத்தம் 260 குறிகளுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். 2016இல் விண்டோஸ் 10இல் இதைத் தளர்த்த ஒரு அமைப்பு வந்தது. ஆனால் எக்ஸ்புளோரர் இன்னும் பழைய சட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. “மாசி காமன் கூத்து 2016 மேற்பிரிவு தோட்டம்” என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே மாதிரி நீண்ட பெயரில் இன்னொன்று, அதை அப்படியே “பழைய கணினியிலிருந்து எடுத்தவை” என்ற ஃபோல்டருக்குள் போட்டீர்கள் என்றால், பழைய இடத்தில் 240 குறியாக இருந்த வழி புதிய இடத்தில் 270 ஆகிவிடும். இருந்த இடத்தில் திறந்த கோப்பு போகிற இடத்தில் நுழையாது. மருந்து எளிது. மேலே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்குங்கள். “கூத்து 2016” போதும்.

இதில் தமிழுக்கு மட்டும் ஒரு கூடுதல் வரி உண்டு. கணினிக்குக் “கூ” என்பது ஒரு எழுத்தில்லை, க என்ற ஒரு குறியும் ஊகாரக் கொம்பு என்ற இன்னொரு குறியும். “காமன் கூத்து” என்று நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்க விண்டோஸ் பாவிக்கும் என்டிஎஃப்எஸ் என்ற அமைப்பில், நடுவில் உள்ள இடைவெளியோடு சேர்த்து 12 குறி. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடும் கணினிக்குப் போனால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக மொத்தம் 34 பைட். என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறி வரை விடும். லினக்ஸின் வழக்கமான டிஸ்க் அமைப்பான எக்ஸ்ட்4 விடுவது 255 பைட். அதாவது தமிழில் 85 குறிகள், கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பார்த்தால் ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்பின். விண்டோஸில் ஒரு தொல்லையும் தராத நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸ் கணினிக்கு மாற்றும்போது மறுக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். குரல் பதிவுகளுக்குப் பேசியவர் பெயர், ஊர், பிரிவு, விஷயம் எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் விவரத்தை ஒரு எக்செல் தாளுக்கு மாற்றிவிட்டு, கோப்புக்கு வருடமும் ஒரு எண்ணும் மட்டும் வையுங்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. “தோட்டம்” என்ற சொல்லில் உள்ள தோ, “கொட்டகலை”யில் உள்ள கொ இரண்டையும், இன்றைய கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாக வைக்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. பழைய மேக் கணினிகள் பெயரை இரண்டு குறியாகப் பிரித்தே சேமித்தன. அங்கே சிப் செய்து அனுப்பிய ஃபோல்டரை இங்கே விரித்தால் “தோட்டம்” என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விண்டோஸுக்கு அவை வேறு வேறு பெயர். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கொழும்பில் மேக் வைத்திருக்கும் யாராவது உங்களுக்குப் படங்கள் அனுப்பியிருந்தால், 41,316 என்ற எண்ணுக்குள்ளேயே இரட்டைகள் இருக்கக்கூடும். இரண்டையும் திறந்து பார்க்காமல் ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்கள் இதற்கு நேர் எதிர். பார்க்கப் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். ஆனால் எங்கே கொண்டுபோனாலும் அப்படியே போய்ச் சேரும். பாமினியில் ஈ என்ற எழுத்து இருக்கும் விசை, விண்டோஸ் பெயர்களில் அனுமதிக்காத கோணக் குறி. அதனால் பாமினிக் காலத்தில் ஈயில் தொடங்கும் பெயர் வைக்கப் பார்த்தவர்கள் திணறினார்கள். யூனிகோடு தெரியாத பழைய மென்பொருள்களோ தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாகவே பார்க்கும். கேள்விக்குறியும் கோப்புப் பெயரில் வரக்கூடாத குறி என்பதால், கோப்பு இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். யாராவது பழைய சிடியில் ஒரு காப்பி மென்பொருளைக் கொண்டுவந்து தந்தால், முதலில் ஒரு தமிழ்ப் பெயர்க் கோப்பை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

மிகப் பெரிய கோப்பு என்ற மறுப்புக்கு விடை சின்னது. அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய டிஸ்க் அமைப்பில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பின் அளவை எழுத 32 பிட் இடம்தான் உண்டு. ஆகவே 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாக எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம், அதற்கு மேல் முடியாது. விடிய விடிய நடக்கும் கூத்தை எடுத்த கேமரா தானே 4 ஜிபித் துண்டுகளாக வெட்டித் தந்திருக்கும், நீங்கள் எடிட் செய்து ஒன்றாக ஒட்டியிருப்பீர்கள், அது நுழையவில்லை. பென் டிரைவை, பெரிய கோப்பையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு ஃபோர்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் வெளியே எடுத்துவிட்டு. கோயில் சவுண்ட் செட்டில் பாட்டுப் போடும் பென் டிரைவை மட்டும் ஃபேட்32 ஆகவே விட்டுவிடுங்கள், பழைய செட்டுகள் பல வேறு எதையும் வாசிக்காது.

புதிய 1 டெராபைட் டிஸ்குக்கு நான் சொல்வது என்டிஎஃப்எஸ். எக்ஸ்ஃபேட் எல்லா இடத்திலும் ஓடும் என்பது உண்மை. மேக் கணினி என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்குமே தவிர எழுதாது என்பதும் உண்மை. ஆனால் நம் ஊரில் காற்றடித்தால் கரண்ட் போகிறது. 2022இல் பதின்மூன்று மணி நேர வெட்டைப் பார்த்தவர்கள் நாம். என்டிஎஃப்எஸ் தான் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செய்கிறது. நடுவில் கரண்ட் போனால், திரும்பி வந்ததும் குறிப்பைப் பார்த்து ஃபோல்டர் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. பெரிய டிஸ்கில் எக்ஸ்ஃபேட் வழக்கமாக 128 கேபித் துண்டுகளாக இடத்தை ஒதுக்கும், என்டிஎஃப்எஸ் 4 கேபித் துண்டுகளாக. 5 கேபி குறிப்பு ஒன்று எக்ஸ்ஃபேட்டில் 128 கேபியைப் பிடித்துக்கொள்ளும். ஃபோல்டரின் பண்புகளைப் பார்க்கும்போது “அளவு” என்றும் “டிஸ்கில் எடுக்கும் அளவு” என்றும் இரண்டு எண் வருகிறதே, இரண்டாவது எண் பழைய டிஸ்கிலும் புதிய டிஸ்கிலும் மாறுவது இதனால்தான். ஒப்பிட வேண்டியது முதலாவதை.

ஆனால் என்டிஎஃப்எஸ்ஸின் குறிப்பேடு காப்பது ஃபோல்டர் அமைப்பை மட்டும், கோப்பின் உள்ளடக்கத்தை இல்லை. கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு சரியான பெயரோடும் சரியான அளவோடும் நிற்கும். திறந்தால் உள்ளே வெறும் பூச்சியம். எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றன என்பதால் காப்பி சரி என்று நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இனி அந்த 2019 ஃபோல்டர். கட் செய்து ஒட்டுவது ஒரே டிரைவுக்குள் என்றால் பெயர்ப் பதிவை மட்டும் மாற்றுகிற வேலை. கண் இமைக்கும் நேரத்தில் முடியும், ஆபத்தும் மிகக் குறைவு. ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்கு என்றால், முதலில் காப்பி, பிறகு அழிப்பு. பெயர் ஒன்றுதான், செய்வது வேறு வேலை. போகிற இடத்தில் எழுதியது உறுதியானதா என்று பார்க்காமலே இருந்த இடத்தில் அழித்துக்கொண்டு போகும். டிரைவ் விட்டு டிரைவ் கட் செய்வது என் கடையில் தடை. வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்வது அதைத்தான். மவுஸால் இழுத்துப் போடுவதிலும் இதே குழப்பம் உண்டு. ஒரே டிரைவுக்குள் இழுத்தால் நகர்த்தும், வேறு டிரைவுக்கு இழுத்தால் காப்பி எடுக்கும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் எப்போதும் காப்பிதான், ஷிஃப்ட் விசை என்றால் எப்போதும் நகர்த்தல்தான்.

அழிந்த பாதி பழைய ஹார்ட் டிஸ்கில் இன்னும் கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அழித்தல் என்றால் அந்த இடம் காலி என்று குறித்துவைப்பதுதான். அந்த இடத்தின் மேல் வேறொன்றை எழுதும் வரை உள்ளே இருப்பது இருக்கும். ஆகவே அந்தக் கணினியில் இனி எதையும் சேமிக்காதீர்கள், இணையமும் பார்க்காதீர்கள், மீட்கும் மென்பொருளை அந்த டிஸ்கிலேயே நிறுவாதீர்கள். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, ஃபோட்டோரெக் மாதிரி ஒன்றால் தேடி, மீட்டதை மூன்றாவது ஒரு டிஸ்கில் எழுத வேண்டும். ஃபோட்டோரெக் பெயர்களை மீட்காது, உள்ளடக்கத்தை மட்டும் தரும். திறந்து பார்த்துப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதெல்லாம் சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடும் என்பதால் நம்பிக்கை குறைவு.

99 சதவீதத்தில் நிற்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று ஒன்றும் இல்லாதது. பெட்டி காட்டுவது கையளித்த கணக்கு, எழுதி முடித்த கணக்கு இல்லை. கணினி நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவான பென் டிரைவுக்கு ஆறுதலாக எழுதும். லினக்ஸில் இது இன்னும் வெளிப்படை. பட்டை நிரம்பி மறைந்த பிறகும் பென் டிரைவின் விளக்கு நிமிடக் கணக்கில் மினுங்கிக்கொண்டே இருக்கும், அப்போது பிடுங்கினால் போச்சு. மற்றக் காரணம் பெரியது. பழைய டிஸ்கில் பழுதான இடம் வந்துவிட்டது, டிஸ்க் திரும்பத் திரும்ப வாசிக்க முயல்கிறது. எப்போதும் அதே கோப்பில் நிற்கிறதா, டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். பழுது பார்க்கிறேன் என்று விண்டோஸின் டிஸ்க் சோதனையையும் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்கில் அது கடைசி மூச்சையும் வாங்கிவிடும்.

வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10 ஜிபி ஒரே வீடியோ என்றால் ஓடிவிடும். அதே 10 ஜிபி முப்பதாயிரம் சிறு படங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் திறப்பு, பெயர்ப் பதிவு, வைரஸ் சோதனை, மூடல் என்று இழுக்கும். மலிவான பென் டிரைவுகள் முதலில் பாய்ந்து, உள்ளே இருக்கும் வேகமான சிறு பகுதி நிரம்பியதும் நடக்கத் தொடங்கும். நீல நிறப் போர்ட்டில் செருகுங்கள், கணினியின் முன்பக்கப் போர்ட்டை விடப் பின்பக்கம் நல்லது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நடைபாதையில் நம்ப முடியாத விலைக்கு விற்கும் 2 டெராபைட் பென் டிரைவுகளில் பல பொய். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி. அது நிரம்பிய பிறகும் காப்பி வெற்றி என்றே சொல்லும், பெயர்கள் எல்லாம் தெரியும், ஒன்றும் திறக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்திலும் எழுதித் திரும்ப வாசித்து உண்மையைச் சொல்லிவிடும். புதிய பென் டிரைவ் எதற்கும் முதல் நாள் அதை ஓட்டுவேன். உங்கள் பென் டிரைவுகளில் ஒன்று அப்படிப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தொலைபேசியிலிருந்து எடுப்பது தனித் தலைவலி. கேபிளில் மாட்டினால் அண்ட்ரொய்ட் தன் நினைவகத்தை ஒரு டிரைவாகத் தருவதில்லை, எம்டிபி என்ற வழியில் ஒவ்வொரு கோப்பாக எடுத்துக் கொடுக்கிறது. திரை அணைந்தாலோ கேபிள் அசைந்தாலோ நடுவில் நின்றுவிடும், சில வேளை படங்களின் திகதியும் மாறிவிடும். நூறு நூறாக எடுங்கள். மெமரி கார்டில் இருந்தால் கார்டைக் கழற்றி ரீடரில் போடுங்கள்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். இரண்டு பலகை ஃபைல் மேனேஜர் என்பது 1986இல் வந்த நோர்ட்டன் கமாண்டரின் வாரிசு. இடது பக்கம் பழைய டிஸ்க், வலது பக்கம் புதியது, எஃப்5 அழுத்தினால் காப்பி, எஃப்6 அழுத்தினால் நகர்த்தல். இன்று வரை அதே விசைகள். எது எங்கிருந்து எங்கே போகிறது என்பது எப்போதும் கண்முன் இருப்பதால் தப்பான இடத்தில் ஒட்டும் பிழையே குறைந்துவிடும். சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் 1993 முதல் உருவாக்கிவரும் டோட்டல் கமாண்டரைத்தான் நான் பாவிக்கிறேன். காசு கொடுக்காதவரை திறக்கும்போது ஓர் எண்ணை அழுத்தச் சொல்லும், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் நாலு காப்பி ஓடி டிஸ்கை அலைக்கழிக்காமல், எஃப்2 அழுத்தி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போடலாம். இரண்டு ஃபோல்டர்களை உள்ளடக்கம் வரை ஒப்பிட்டு, இங்கே இருப்பது அங்கே இல்லை என்று பட்டியல் காட்டும். உங்கள் 26க்கு வேண்டியது அந்த ஒப்பீடுதான். இலவசமாக, லினக்ஸிலும் ஓட வேண்டும் என்றால் டபுள் கமாண்டர்.

காப்பிக்கு மட்டும் என்றால் டெராகாப்பி போதும். ஒரு கோப்பு வாசிக்க முடியாவிட்டால் மற்றவற்றைத் தொடர்ந்து முடித்துவிட்டு, முடியாதவற்றைப் பெயரோடு காட்டும். சரிபார் என்று சொன்னால் எழுதியதைத் திரும்ப வாசித்து மூலத்தோடு ஒப்பிடும். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், ஆகட்டும். விண்டோஸோடு விஸ்டாக் காலம் முதல் வரும் ரோபோகாப்பி கட்டளை இன்னும் உறுதியானது. என்ன செய்தோம் என்பதைப் பதிவுக் கோப்பாக எழுதித் தரும், மறுபடி ஓட்டினால் விட்டதை மட்டும் எடுக்கும். ஆனால் அதன் இயல்பு அமைப்பில் வாசிக்க முடியாத கோப்பை பத்து லட்சம் முறை, முறைக்கு 30 வினாடி காத்திருந்து முயலும். கணக்குப் போட்டால் ஒரே கோப்புக்கு 347 நாள்! எத்தனை முறை முயல்வது என்பதைச் சொல்லும் ஆர் என்ற விருப்பத்துக்கு 2, எத்தனை வினாடி காத்திருப்பது என்பதைச் சொல்லும் டபிள்யூ என்பதற்கு 5 கொடுக்காமல் ஓட்டாதீர்கள். எம்ஐஆர் என்ற விருப்பத்தைத் தொடவே வேண்டாம், மூலத்தில் இல்லாததை எல்லாம் புதிய டிஸ்கிலிருந்து அழித்துவிடும். ஃபேட்32 பென் டிரைவிலிருந்து எடுத்ததை ஒப்பிடும்போது எல்லாமே மாறியிருப்பதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஃபேட் நேரத்தை இரண்டு வினாடிப் படிகளில்தான் எழுதும். ரோபோகாப்பியில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க எஃப்எஃப்டி என்ற விருப்பம் உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வரிசையில் செய்வேன். பழைய டிஸ்கை மீட்கும் வேலை முடியும் வரை தொடமாட்டேன், பென் டிரைவுகளில் இருந்து தொடங்குவேன். சார்ஜ் நிறைந்த மடிக்கணினியில் செய்வேன், கரண்ட் போனாலும் பட்டரி தாங்கும். ஒவ்வொரு பென் டிரைவுக்கும் புதிய டிஸ்கில் ஒரு தனி ஃபோல்டர், “பென் 1”, “பென் 2” என்று சின்னப் பெயர். அப்படிச் செய்தால் ஒரே எண் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. டெராகாப்பியில் சரிபார்ப்போடு காப்பி. முடிந்ததும் முறையாக வெளியேற்றி, கழற்றி, மறுபடி மாட்டி, அப்புறம்தான் டோட்டல் கமாண்டரில் உள்ளடக்க ஒப்பீடு. கழற்றாமல் ஒப்பிட்டால் சில வேளை கணினி டிஸ்கைப் பார்க்காமல் தன் நினைவகத்தில் இருப்பதையே வாசித்துச் சரி என்று சொல்லிவிடும். ஒழுங்குபடுத்துவது, இரட்டைகளை நீக்குவது எல்லாம் இதற்குப் பிறகு. பென் டிரைவுகளை அழிப்பது, இன்னொரு டிஸ்கில் இரண்டாவது பிரதி எடுத்து அதை வேறொரு வீட்டில் வைத்த பிறகு.

மேசைக் கணினியை இனி ஆன் செய்யாதீர்கள். டிஸ்கைக் கழற்றத் தெரிந்தால் கழற்றி, தெரியாவிட்டால் பெட்டியோடு, ஒரு துவாயில் சுற்றி ஹட்டனுக்கு எடுத்து வாருங்கள். பஸ்ஸில் மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது மீட்டதை எழுத இன்னொரு டிஸ்க் வேண்டும், குறைந்தது 500 ஜிபி. புதிய 1 டெராபைட்டையும் கொண்டுவாருங்கள், அந்த 26இன் பட்டியலை அங்கேயே எடுத்துவிடலாம்.